கவுன்ட்டரைத் தாண்டி உள்ளே வாருங்கள்

நம் கல்லூரியின் முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் மாணவ மாணவியருக்கும், படித்து முடித்து வெளியே போனவர்களுக்கும்,



இந்தக் கல்வியாண்டிலிருந்து நூலகத்தில் சில விஷயங்கள் மாறுகின்றன. அறிவிப்புப் பலகையில் ஒரு பக்கச் சுற்றறிக்கை ஒட்டியாயிற்று. அதை நின்று படிப்பவர்கள் குறைவு என்று தெரியும். ஹால் டிக்கெட், ஸ்காலர்ஷிப் ஆகிய இரண்டில் ஒன்று தலைப்பில் இருந்தால்தான் அந்தப் பலகைக்கு முன்னால் கூட்டம் சேரும். என்ன மாறுகிறது என்பது சுற்றறிக்கையில் இருக்கிறது. ஏன் மாறுகிறது என்று சொல்ல அதில் இடமில்லை, அதற்காக இந்த மடல்.

முதலில் கவுன்ட்டர். இதுவரை நடந்தது உங்களுக்கே தெரியும். வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கவுன்ட்டரில் நீட்ட வேண்டும். உதவியாளர் இரும்பு வலைக் கதவுக்கு அந்தப் பக்கம் போவார். கையில் புத்தகத்தோடு வருவார், இல்லையென்றால் “இல்லைப்பா” என்று வருவார். புத்தகத்தின் பெயரும் ஆசிரியரின் பெயரும் முன்பே தெரிந்தவருக்கு இந்த ஏற்பாடு போதும். வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகத்தையே பார்க்காமல், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர் அந்தச் சீட்டில் என்ன எழுதுவார்? “மேடம், செகண்ட் செமஸ்டருக்கு ஏதாவது புக் இருக்கா” என்று கேட்பார். அந்த “ஏதாவது” என்ற சொல்லைக் கேட்டுப் பின்னால் நிற்பவர் சிரித்துவிட்டால் போதும், அந்தப் பிள்ளை மறுபடி இந்தப் பக்கம் வராது. மூன்று ஆண்டு கழித்து டி.சி. வாங்கும்போது நோ டியூ கையெழுத்துக்குத்தான் வந்து நிற்கும். அப்படி வந்து நின்றவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

இனி அந்த வலைக் கதவு பூட்டப்படாது. நீங்களே உள்ளே போய் அலமாரிகளுக்கு நடுவே நடந்து, எடுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். எதையும் எடுக்காமலே வெளியே வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம்.

இது ஏதோ புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கும் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் செய்து காட்டியதைத்தான் நாம் இவ்வளவு தாமதமாகச் செய்கிறோம். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சேர்ந்த சில நாட்களிலேயே இந்த வேலை வேண்டாம், வகுப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே பொது நூலகங்களில் சாதாரண ஜனங்கள் தாங்களே அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து சென்னையிலும் வாசகரை உள்ளே விட்டார், நூலக நேரத்தையும் நீட்டினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது நூல்களின் பயன்பாட்டைப் பற்றியது. பாதுகாப்பைப் பற்றி ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். நாமோ ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மறுநாள் வலைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

பூட்டியதற்கும் காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். புத்தகம் காணாமல் போனால் தணிக்கையில் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் நாளில் வரிசை எண் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகச் சரிபார்த்துப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பயத்தில் பூட்டினவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரசின் கணக்கு விதிகளே அந்த அளவுக்குக் கல்நெஞ்சமானவை அல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. ஓர் ஆண்டில் இரவல் கொடுத்த, அங்கேயே எடுத்துப் பார்த்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைவது இயல்பான இழப்பு என்கிறது அது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பதும், ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகள். மாநில அரசுக் கல்லூரியான நம்மை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் நூலகக் குழுவில் இதை எடுத்து வைத்தபோது பேச்சின் போக்கே மாறியது. அந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். எவ்வளவு புத்தகம் தொலையலாம் என்பது எவ்வளவு புத்தகம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு புத்தகம் படிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. பூட்டி வைத்த நூலகத்தில் ஒன்று தொலைந்தாலும் குற்றம்தான்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே திரும்ப அலமாரியில் செருகாதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவாகத் தோன்றலாம், பரவாயில்லை. இடம் மாறிச் செருகிய புத்தகம் உள்ளேயே இருந்தும் தொலைந்த புத்தகம்தான், அடுத்த கணக்கெடுப்பு வரை யார் கண்ணிலும் படாது. மேசையில் கிடப்பதைச் சாயங்காலம் நாங்கள் எண்ணி, பார்கோடை ஸ்கேன் செய்து, அதன் இடத்தில் வைப்போம். அந்த எண்ணிக்கைதான் “எடுத்துப் பார்த்த நூல்கள்” என்று ஏட்டில் ஏறும்.

அலமாரியில் வழி கண்டுபிடிப்பது பஸ் நம்பர் பார்க்கிற மாதிரிதான். முதுகில் ஒட்டிய எண்தான் தடம். கணக்குப் பதிவியல் 657, பொருளியல் 330, கணிதம் 510, வேதியியல் 540, நிரல் எழுதும் கணினிப் புத்தகங்கள் 005. தமிழ் இலக்கியம் 894.811. அதில் கடைசியில் 1 சேர்ந்தால் கவிதை, 2 என்றால் நாடகம், 3 என்றால் கதையும் நாவலும். 1876-இல் அமெரிக்காவில் மெல்வில் டூயி போட்ட கணக்கு இது. அவர் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை முழுசாக ஒதுக்கினார். கம்பனும் பாரதியும் புதுமைப்பித்தனும் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது நான்காவது இலக்கத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணை நம்மால் மாற்ற முடியாது. அலமாரியை நகர்த்த முடியும், நகர்த்தியாயிற்று. கடைசிச் சுவரோரம் ஜன்னல் இல்லாத மூலையில் கிடந்த 894.811 இப்போது வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது அதுதான்.

தாமதக் கட்டணம் இனி இல்லை. நாளுக்கு ஒரு ரூபாய் பெரிய தொகையா என்று ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள். ஒரு ரூபாய் பெரிதல்லதான். ஆனால் செமஸ்டர் விடுமுறையில் நாற்று நடவுக்கோ திருப்பூர்ப் பக்கம் பனியன் வேலைக்கோ போய்விட்டுத் திரும்பும்போது அது நாற்பது, ஐம்பது ரூபாய் ஆகியிருக்கும். அதைக் கட்டக் கூச்சப்பட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அதோடு அந்தப் புத்தகமும் போயிற்று, அந்த மாணவரும் போனார். இனி ஒரே தண்டனைதான்: நீங்கள் வைத்திருக்கும் புத்தகத்துக்கு வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால், அதைத் திருப்பித் தரும்வரை அடுத்த புத்தகம் கிடைக்காது. தொலைத்துவிட்டால் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி கொண்டுவந்து தாருங்கள், பழையதாக இருந்தாலும் வாங்கிக்கொள்வோம். இளநிலை மாணவர்களுக்கு இரண்டாக இருந்தது நான்கு புத்தகமாகிறது, பதினான்கு நாள் என்பது ஒரு மாதமாகிறது.

நேர மாற்றம் இரண்டாம் ஷிப்ட் மாணவர்களுக்காக. இதுவரை ஐந்து மணிக்கு நூலகம் மூடும், உங்கள் கடைசி வகுப்பு முடிவது அதற்கும் பிறகு. நூலகக் கட்டணத்தை மட்டும் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டிருந்தோம். இனி காலை எட்டு முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும். ஏழுக்கு மேலும் வைக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். கட்டணமில்லா டவுன் பஸ்ஸை நம்பி வரும் பெண்கள் கடைசி வண்டியைப் பிடிக்க ஏழுக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். ஆண் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து படிக்கும் ஒரு மணி நேரத்தைச் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. பஸ் நேரம் மாறினால் நூலக நேரமும் மாறும்.

செல்போனை உள்ளே கொண்டுவரலாம், பை மட்டும் வெளியே. படிப்புக்காக ஒரு இயலைப் படம் பிடித்துக்கொள்ளலாம், முழுப் புத்தகத்தையும் அப்படிச் செய்யக் கூடாது. வைஃபை வந்துவிட்டது, வேகத்தைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை.

படித்து முடித்துப் போனவர்களுக்கு இனி வாசகர் அட்டை உண்டு. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. உட்கார இடம் போதாது, அவர்கள் வருவது டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கத்தான், கல்லூரி நூலகம் என்ன கோச்சிங் சென்டரா என்றார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பது படிப்பில்லை என்ற எண்ணம் எனக்கு என்றைக்குமே கிடையாது. குரூப் 4 தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதியில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதற்கு எந்தக் கைடையும்விட ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் பாடநூல்கள்தான் வேதம். இது தேர்வு எழுதும் எல்லோருக்கும் தெரியும். அவற்றைக் கல்லூரி நூலகத்தில் வைப்பது கௌரவக் குறைவு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது தமிழ், வரலாறு, அறிவியல் என்று முழு செட்டாக, ஒவ்வொன்றும் பல பிரதிகளாக ஒரு தனி அலமாரி நிறைய இருக்கின்றன. அந்த அலமாரிக்கு முன்னால் எப்போதும் ஆள் இருக்கிறது. இடப் பற்றாக்குறை உண்மைதான். அதனால் பழைய மாணவர்களுக்கு மாடி, வகுப்பு உள்ளவர்களுக்குக் கீழ்த்தளம் என்று பிரித்திருக்கிறோம்.

இனி இணையப் பக்கம். “ஒரே நாடு ஒரே சந்தா” என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 2025 ஜனவரியில் திட்டம் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை நாடு முழுவதும் 6,300 அரசு நிறுவனங்கள் படிக்கலாம். அரசுக் கல்லூரி என்பதால் நமக்கும் அதில் இடம் உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் முதல் கட்டத்தில் இடமில்லை. அங்கே படிக்கும் உங்கள் நண்பர்கள் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ்ச் சேவையில் கணக்கு இருக்கிறதா என்று தங்கள் நூலகரிடம் கேட்கட்டும். ஒரு கட்டுரையைத் திறந்தாலே முப்பது, நாற்பது டாலர் கேட்கும் இதழ்களெல்லாம் இதில் இருக்கின்றன. வளாகத்துக்குள் அப்படியே திறக்கும். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமானால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருகிறோம், அடையாள அட்டையோடு வாருங்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த விருந்தில் முக்கால்வாசி இலை இயற்பியல், வேதியியல், உயிரியல்காரர்களுக்குப் போட்டது. எல்லாம் ஆங்கிலம். தமிழ்த்துறை மாணவர்கள் ஏமாந்து போக வேண்டாம், உங்களுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களும் பழைய இதழ்களும் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் எழுத்தெழுத்தாகத் தேடக்கூடிய வடிவில் கிடைக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. நேரில் பார்க்க வேண்டியவை தஞ்சாவூர் சரசுவதி மகாலும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும். அங்கே போக அறிமுகக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்துக்காகத் துறைத்தலைவர், முதல்வர் என்று அறை அறையாக அலைய வேண்டியதில்லை. நூலகத்திலேயே கொடுக்கிறோம், அன்றைக்கே.

இதுவரை எழுதியவற்றில் பெரும்பாலானவை கேட்காமலே உங்களுக்குக் கிடைப்பவை. ஒன்றே ஒன்றை மட்டும் கட்டாயம் வந்து கேளுங்கள் என்று சொல்வேன். இறுதியாண்டு பிராஜெக்ட் எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் துணைநூல் பட்டியலோடு வருகிறார்கள். சுத்தமாக டைப் செய்த பட்டியல். ஆசிரியர் பெயர் நாம் அறிந்த பெயர், பதிப்பகம் உண்மையான பதிப்பகம், ஆண்டு பொருந்துகிறது, தலைப்பு அந்த ஆசிரியர் எழுதக்கூடியதுதான். ஆனால் அப்படி ஒரு புத்தகத்தை அவர் எழுதவே இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று வாய்க்கு வந்ததைக் கோத்துக் கொடுத்திருக்கிறது. உதவியாளர் அதைத் தேடி ஏணியில் ஏறி இறங்கினார், பாவம். செயலியைப் பயன்படுத்தாதே என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. அது தரும் பட்டியலை எங்களிடம் கொண்டுவாருங்கள். புதன், வெள்ளிக் கிழமைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில், மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை, எந்தப் புத்தகம் நிஜம், எந்தக் கட்டுரை நிஜம் என்று உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எப்படிப் பார்ப்பது என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் பிறகு நாங்கள் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் போன வருஷத்து பிராஜெக்டைப் பெயர் மாற்றி விற்கிறார்களே, அதற்கு இந்தச் சேவை கிடையாது.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்காக ஜன்னலோரம் இரண்டு கணினிகள் போட்டிருக்கிறோம். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் அவற்றில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. உங்கள் வீட்டுக் கணினியிலும் போட்டுத் தருகிறோம். பாடநூலை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றித் தருவதும் உண்டு. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. இனி வாசித்துக் காட்ட ஆள் தேடி விடுதி வராந்தாவில் காத்திருக்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல், அதைத் தீர்ப்பது ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. ஆசிரியர்களே, உங்களில் பலர் வகுப்புக் குறிப்புகளை இன்னும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடிக்கிறீர்கள். “அம்மா” என்று பாமினியில் அடித்த சொல் கணினிக்குள்ளே எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு அதைக் கண்ணுக்குத் தமிழாகக் காட்டிவிடும். திரைவாசிப்பானுக்குக் கண் இல்லை, உள்ளே இருப்பதை அப்படியே வாசிக்கும். மூன்று பக்கக் குறிப்பை அந்தக் கணினியில் போட்டு ஹெட்போனை மாட்டிக் கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, வெறும் உளறல். அதைத்தான் நம் மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறிவிட்டது. நீங்களும் மாறுங்கள். பழைய கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவந்தால் அங்கேயே மாற்றித் தருகிறோம், சில நிமிட வேலை.

கடைசியாக, முடியாத வேலை ஒன்று. நூல்பட்டியல் இப்போது கோகா என்ற கட்டற்ற மென்பொருளில் இருக்கிறது, கைபேசியிலேயே தேடலாம். ஆனால் முன்பு கணினியில் ஏற்றியபோது தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஜானகிராமன் என்ற ஒரே ஆள் ஏற்றியவர் கைவாக்குக்கு ஏற்ப நாலைந்து ஆட்களாகப் பிரிந்து கிடக்கிறார். ஜெயகாந்தனும் அப்படித்தான். “மோக முள்” என்று தமிழில் தேடினால் இல்லை என்று காட்டும். புத்தகமோ அலமாரியில் இருக்கிறது. எண் 894.8113-க்கு நேரில் போய்ப் பாருங்கள், பட்டியலை நம்ப வேண்டாம்.

இதைத் திருத்த ஆள் வேண்டும். புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி தமிழில் அடிக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் அல்லவா, இந்த வேலையை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் திட்ட அலுவலர் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மாடியில். தமிழ்த் தட்டச்சு தெரியாவிட்டாலும் வாருங்கள், தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுக்கிறோம். கவிதை அலமாரியிலிருந்து தொடங்குகிறோம். தூசிக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் முகத்தில் கட்ட ஒரு துணி கொண்டுவருவது நல்லது.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரி நூலகர்